நேராக்கிய பற்கள் நிலைத்து நிற்குமா?

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்பது முன்னோர் வாக்கு. பல் ஆடாமலும் சொத்தை விழாமலும் நெடுங்காலம் இருப்பதையே அவர்கள் உறுதி எனக் கருதினர். பல், தான் நின்ற இடத்திலேயே நிற்பது வேறோர் உறுதியாகும். அதனை எந்தக் குச்சியாலும் பெற இயலாது. வைத்தியர் வாயிற் பொருத்தும் கம்பியுங்கூட அதனை என்றைக்குமாகத் தந்துவிடுவதில்லை.

14 அல்லது 15 வயதில் ஏறக்குறைய இரண்டாண்டுக் காலம் கம்பி அணிந்து, கோணிய பற்களை நேராக்கிக் கொண்டவர்கள் பலர். இவர்களுள் ஒருவர், 35 அல்லது 40 வயதை அடைந்தபின் ஒருநாள் கண்ணாடியை உற்று நோக்குகிறார். கீழ்வரிசையின் முன்பற்கள் மீண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாயத் தொடங்கியிருக்கின்றன. மேல்வரிசையிலும் ஒரு பல் சற்றே திரும்பி நிற்கின்றது. இளமையிற் பட்ட துன்பமும் பெற்றோர் செலவிட்ட பணமும் வீணாயினவோ என்ற எண்ணம் அவருக்கு எழுகின்றது. சிலர் அக்காலத்து வைத்தியரின் திறமையை ஐயுறுகின்றனர். சிலர் தம்மையே நொந்துகொள்கின்றனர். வேறு சிலர், பிந்தி முளைத்த ஞானப்பற்கள் நெருக்கியதன் விளைவே இது என்று முடிவுசெய்து விடுகின்றனர். இம்மூன்று முடிவுகளுக்கும் முன்னர் அறியவேண்டியது ஒன்றுண்டு. பல், தாடையில் எவ்வாறு நிற்கின்றது என்பதே அது.

சுவரில் அறையப்பட்ட ஆணியைப் போலப் பல் தாடையென்பில் இறுகியிருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. பல்லின் வேருக்கும் அதனைச் சூழ்ந்த என்புக்கும் இடையே மெல்லிய நார்ப்படை ஒன்று உண்டு. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்களவே. அப்படையிலுள்ள எண்ணற்ற நார்கள் ஒரு முனையால் வேரையும் மறுமுனையால் என்பையும் பற்றி நிற்கின்றன. தூணிலே கயிறுகளாற் கட்டிய ஊஞ்சலைப்போற் பல் அவற்றில் தொங்குகின்றது எனலாம். உணவை மெல்லும்போது ஏற்படும் அதிர்ச்சியை இந்நார்ப்படை தாங்கிக்கொள்கின்றது. நார்களுக்கிடையே குருதிக் குழாய்களும் நரம்புகளும் உயிருள்ள கலங்களும் நிறைந்துள்ளன. என்பும் உயிருள்ளதே. அது வாழ்நாள் முழுவதும் ஒருபக்கம் அழிந்தும் ஒருபக்கம் ஆகியும் வருகின்றது.

பற்சீரமைப்பு வைத்தியம் முழுவதும் இந்த உண்மையையே அடிப்படையாகக் கொண்டது. ஒரு பல்லின்மீது மெல்லிய விசையைத் தொடர்ந்து செலுத்தினால், வேர் அழுத்தும் பக்கத்தில் என்பை அரிக்கும் கலங்கள் தோன்றி அதனைக் கரைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபட, அங்கே என்பை ஆக்கும் கலங்கள் புதிய என்பைப் படியச் செய்கின்றன. ஆகவே பல், என்பைக் கிழித்துக்கொண்டு செல்வதில்லை. முன்னே வழி திறக்கவும் பின்னே வழி மூடவும் மெல்ல நடந்து செல்கின்றது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் சான்ஸ்ரெட் என்பவர், நாய்களின் பற்களை நகர்த்தி, அவற்றின் தாடைத் துண்டுகளை நுணுக்குக்காட்டியினால் ஆராய்ந்து இந்நிகழ்ச்சியை 1904, 1905ஆம் ஆண்டுகளில் விளக்கினார். இவ்விதம் நகரும் பல், ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தூரமே செல்லும். விசையை மிகுத்தால் வேகம் மிகுவதில்லை. நார்ப்படை நசுங்கிக் குருதியோட்டம் தடைப்படுவதால் பல் முன்னிலும் தாமதிக்கும்.

கம்பியின் விசைக்கு இணங்கி நகரும் பல், பிற விசைகளுக்கும் இணங்கி நகரும் என்பது இதனின்று பெறப்படும். கம்பியைக் கழற்றிய அன்றே அப்பிற விசைகள் தம் வேலையைத் தொடங்கி விடுகின்றன.

அவற்றுள் முதலாவது, இழுபட்ட நார்களின் விசையாகும். பல் புதிய இடத்தை அடைந்த பின்னரும் பழைய இடத்தின் நினைவை நார்கள் எளிதில் விடுவதில்லை. நோர்வே நாட்டு ஆய்வாளரான கோரே ரைற்றன் இதனை நாய்களில் ஆராய்ந்து 1959ஆம் ஆண்டில் எழுதினார். திரும்பியிருந்த பல்லைச் சுழற்றி நேராக்கிய பின், வேரைச் சூழ்ந்த நார்கள் சில மாதங்களிற் புதிய நிலைக்கேற்ப ஒழுங்குபட்டன. ஆயின், என்பின் விளிம்புக்கு மேலே முரசினுள் ஓடும் நார்கள் 232 நாட்கள் கடந்த பின்னரும் இழுபட்ட நிலையிலேயே காணப்பட்டன. முறுக்கிய கயிறு மீண்டும் அவிழ முயல்வதுபோல, அவை பல்லைப் பழைய திசைக்குத் திருப்ப முயல்கின்றன. இக்காரணத்தாலேயே, சுழற்றி நேராக்கிய பல் மற்றெல்லாவற்றிலும் முன்னதாகத் திரும்பி விடுகின்றது. அந்நார்களை மட்டும் முரசின் விளிம்பிலே சிறு கத்தியால் வெட்டிவிடும் முறையை அமெரிக்கரான எட்வேட்ஸ் என்பவர் 1970ஆம் ஆண்டில் விளக்கினார். வெட்டிய நார்கள் புதிய நிலையில் மீண்டும் பொருந்துவதால் பல் திரும்பும் அளவு குறைகின்றது. எனினும் முற்றாக நிற்பதில்லை.

இரண்டாவது விசை, வாயின் தசைகளிலிருந்து வருவது. உள்ளேயிருந்து நாக்கும் வெளியேயிருந்து உதடும் கன்னமும் பல்வரிசையை இடையறாது தொட்டுக்கொண்டிருக்கின்றன. உண்ணும்போதும் பேசும்போதும் எழும் விசைகள் வலியன; ஆயின் கணநேரமே நிற்பன. வாய் ஓய்ந்திருக்கும்போது நாக்கும் உதடும் தரும் மெல்லிய அழுத்தமோ பல மணிநேரம் நீடிப்பது. பல்லின் நிலையைத் தீர்மானிப்பதில் வன்மையினும் காலமே மிகுதியும் பயன்படுகின்றது. தாடை கொள்ளும் அளவுக்கு மேலாகப் பல்வரிசையை வெளிப்புறமாக விரித்து நேராக்கியிருந்தால், உதடும் கன்னமும் அதனை நாள்தோறும் சிறிது சிறிதாக உள்ளே தள்ளும்.

மூன்றாவது, வயதினால் நிகழும் மாற்றமாகும். இருபது வயதோடு முகத்தின் வளர்ச்சி நின்றுவிடும் என்றே முன்னர் நம்பப்பட்டது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1930ஆம் ஆண்டளவிற் சிறுவர்களாக அளக்கப்பட்டவர்களைப் பல்லாண்டுகளின் பின் மீண்டும் அழைத்து அளந்த றொல்வ் பெரென்ற்ஸ், அந்நம்பிக்கை பிழையென்பதை 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் காட்டினார். தாடைகளும் முகவென்புகளும் முதுமை வரையில் மிகச் சிறிய அளவிலேனும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பல்வரிசையின் வளைவும் பதின்பருவத்துக்குப் பின் மெல்ல மெல்லச் சுருங்குகின்றது. அச்சுருக்கம் முதன்முதலில் வெளிப்படுமிடம் கீழ்வரிசையின் முன்பற்களே. வாழ்நாளில் ஒருபோதும் கம்பி அணியாதவர்களிடத்தும், இளமையில் இயல்பாகவே நேரான பற்களைப் பெற்றிருந்தவர்களிடத்தும் இதே நெருக்கம் காணப்படுகின்றது. ஆகவே, நடுவயதிற் பல் சாய்வது எப்போதும் பழைய வைத்தியத்தின் தோல்வி ஆகாது. பெரும்பாலும் அது, தோலிற் சுருக்கம் விழுவதைப் போன்ற இயற்கை நிகழ்ச்சியே.

இனி, ஞானப்பற்களின் மீதுள்ள பழியை நோக்கலாம். அவை முளைக்கும் பருவமும் முன்பற்கள் நெருங்கத் தொடங்கும் பருவமும் ஏறத்தாழ ஒன்றாயிருப்பதால் இப்பழி எழுந்தது. பின்னின்று ஒருவர் தள்ள, வரிசையின் முன்னிற்பவர் தடுமாறுவது போன்ற காட்சியை மனம் எளிதில் ஏற்றுக்கொள்கின்றது. ஆயின் ஞானப்பல் இயற்கையாகவே இல்லாதவர்களின் முன்பற்களும் நெருங்குகின்றன. பிரித்தானியாவில் ஞானப்பற்களை அகற்றிய ஒரு பிரிவினரையும் அகற்றாத ஒரு பிரிவினரையும் சில ஆண்டுகள் கவனித்து, 1998ஆம் ஆண்டில் ஆய்வொன்று வெளியிடப்பட்டது. முன்பற்களின் நெருக்கத்தைத் தடுப்பதற்காக மட்டும் ஞானப்பல்லைப் பிடுங்குவது நியாயமன்று என்பதே அதன் முடிவு. சீழ், சொத்தை, வீக்கம் முதலிய வேறு காரணங்கள் இருப்பின் அகற்றலாம். பற்கள் சாயும் என்ற அச்சத்தால் அகற்ற வேண்டியதில்லை.

இந்த உண்மைகளைப் பல் வைத்தியத்துறையே எளிதில் அறிந்துகொள்ளவில்லை. பல்லை நகர்த்தும் கலை மிகப் பழையது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமரான செல்சுஸ், புதிதாக முளைத்த பல் இடம் மாறியிருந்தால் நாள்தோறும் விரலால் தள்ளி அதனை உரிய இடத்துக்குக் கொண்டுவரலாம் என எழுதினார். பிரான்சு நாட்டின் பியேர் போஷார், 1728ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில், துளையிட்ட உலோகத் தகட்டைப் பல்வரிசையோடு நூலாற் கட்டி நேராக்கும் முறையை விவரித்தார். நகர்த்தும் வழி இவ்வாறு வளர்ந்தது. நகர்ந்த பல்லை நிறுத்தும் வழியே பின்தங்கியது.

இத்துறையை ஒரு தனிச் சாத்திரமாக நிலைநாட்டியவர் அமெரிக்கரான எட்வேட் அங்கிள். இவர் 1930ஆம் ஆண்டில் மறைந்தார். இயற்கை தந்த பற்களுள் ஒன்றையும் பிடுங்குதல் கூடாது, எல்லாவற்றையும் வரிசையில் அமைத்து மேற்பல்லும் கீழ்ப்பல்லும் செவ்வையாகப் பொருந்தச் செய்தால் அப்பொருத்தமே பற்களை நிறுத்தி வைக்கும் என்பது அவர் கொள்கை. கல்வின் கேஸ் என்பவர் 1911ஆம் ஆண்டில் இதனை மறுத்தார். இடம் போதாத வாயில் எல்லாப் பற்களையும் திணித்தால் அவை நிலைக்கமாட்டா என்று அவர் வாதிட்டார். அன்றைய வைத்தியர்களுட் பெரும்பாலோர் அங்கிளின் பக்கமே நின்றனர்.

அங்கிளின் மாணாக்கருள் ஒருவர் சாள்ஸ் ருவீட். அரிசோனா மாநிலத்தில் தொழில் புரிந்த இவர், ஆசிரியரின் கொள்கைப்படி ஒரு பல்லையும் பிடுங்காது பலருக்கு வைத்தியம் செய்தார். சில ஆண்டுகள் சென்றபின் அவர்களை மீண்டும் பார்த்தபோது, பலருடைய பற்கள் சாய்ந்தும் முன்னோக்கி நீண்டும் இருக்கக் கண்டார். கண்டதை மறைக்காது, அவர்களுள் பலரை அழைத்து, நான்கு முன்கடைவாய்ப் பற்களை அகற்றி, மீண்டும் கம்பி அணிவித்துச் சீராக்கினார். இரண்டாம் முறைக்கு அவர் கூலி பெறவில்லை. இவ்வாறு இருமுறை வைத்தியம் பெற்ற 100 பேரின் சான்றுகளை 1940ஆம் ஆண்டில் தம் தோழர்கள் முன்னிலையில் வைத்தார். ஆசிரியரின் கொள்கைக்கு எதிரான சான்றை அவருடைய மாணாக்கரே கொண்டுவந்தமையால் பெருங் கலக்கம் எழுந்தது. அதன்பின் நெருக்கமான வாய்களிற் பற்களை அகற்றிச் சீரமைப்பது பரவலான வழக்கமாயிற்று.

எனினும் ருவீட்டின் வழியும் கதையின் முடிவாக அமையவில்லை. சியாற்றில் நகரிலுள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் றொபேட் லிற்றிலும் அவருடைய தோழர்களும், வைத்தியம் முடிந்து நெடுங்காலம் சென்றவர்களின் பல்வரிசைகளை அளந்தனர். முன்கடைவாய்ப் பற்களை அகற்றிச் சீராக்கப்பட்ட 65 பேரைப் பற்றி 1981ஆம் ஆண்டில் அவர்கள் எழுதினர். பற்களை நிறுத்தி வைக்கும் சாதனங்களையும் விலக்கி 10 ஆண்டுகளேனும் கழிந்த நிலையில், கீழ்வரிசை முன்பற்கள் திருப்தியாக நின்றவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவானோரே. இன்னும் 10 ஆண்டுகள் பொறுத்து 31 பேரை மீண்டும் பார்த்து 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் அத்தொகை 10 சதவீதமாகக் குறைந்தது. ஆணா பெண்ணா, முதலிற் பற்கள் எவ்வளவு கோணியிருந்தன, எந்த வயதில் வைத்தியம் நடந்தது என்பவற்றில் எதனைக் கொண்டும், யாருடைய பற்கள் சாயும், யாருடையவை நிற்கும் என முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. நேரான பற்கள் வேண்டுமாயின் அவற்றை வாழ்நாள் முழுவதும் ஏதேனும் ஒரு சாதனத்தால் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட முடிவு.

இம்முடிவைத் துறையெங்கும் ஏற்றுக்கொள்ளச் சில காலம் சென்றது. அதற்கு முன் இளமையிற் கம்பி அணிந்தவர்களுட் பலருக்கு, நிறுத்தும் சாதனத்தை ஓராண்டோ ஈராண்டோ அணிந்தாற் போதும் என்றே கூறப்பட்டிருந்தது. அவர்கள் சொன்னபடியே நடந்தனர். அவ்வாறிருந்தும் பற்கள் சாய்ந்தன. ஆதலின், இன்று கண்ணாடியின் முன் தம்மை நொந்துகொள்ளும் பலர்மீது குற்றமில்லை. அன்றைய அறிவின் எல்லையே அதுவாயிருந்தது.

முதிர்ந்த வயதில் மீண்டும் வைத்தியரை நாடும் ஒருவர் முதலில் அறியவேண்டுவது, தம் பல் சாய்ந்த காரணத்தையே. மேலே கூறிய மெதுவான நெருக்கம் ஒரு வகை. முரசு நோயினால் வேரைத் தாங்கும் என்பு கரைந்து, பல் பிடிமானம் இழந்து நகர்வது மற்றொரு வகை. மேல்வரிசை முன்பற்கள் விசிறிபோல் விரிந்து இடைவெளி தோன்றுதல், பல் துலக்கும்போது குருதி கசிதல், பல் நீண்டுவிட்டது போலத் தோன்றுதல், பல் ஆடுதல் என்பன இரண்டாம் வகையின் அறிகுறிகள். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கமும் புகைபிடிக்கும் வழக்கமும் கட்டுப்படாத நீரிழிவும் உள்ளவர்களிடம் இந்நோய் எளிதில் வேரூன்றுகின்றது. முன்னர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு அவ்விடத்தை வெறுமையாக விட்டிருந்தால், பக்கத்துப் பல் அதனுட் சாய்வதும் எதிர்ப்பல் நீள்வதும் உண்டு. நோயுள்ள முரசிற் கம்பியைப் பூட்டிப் பல்லை நகர்த்தினால், எஞ்சிய என்பும் விரைந்து கரையும். ஆகவே முதலில் முரசை ஆற்றிப் பின்னரே பல்லை நகர்த்துதல் வேண்டும். இவ்வொழுங்கைப் பேணாத வைத்தியம், நேராக்கப்போய்ப் பல்லையே இழக்கச் செய்யும்.

காரணம் தெளிவானபின், வேர்களைக் கதிர்ப்படத்தில் நோக்குதல் அவசியம். பல் நகரும்போது வேரின் நுனி சிறிது கரைந்து குறுகுவது பொதுவாகக் காணப்படுவது. பெரும்பாலோரிடம் அது பொருட்படுத்தத் தக்கதன்று. முதலாம் முறையிலேயே வேர்கள் பெரிதும் குறுகிவிட்ட ஒருவருக்கு, இரண்டாம் முறை செய்வதா விடுவதா என்பதை வைத்தியர் ஆழ்ந்து சிந்தித்தே தீர்மானிப்பார். பழைய வைத்தியத்தின் கதிர்ப்படங்களும் அச்சுகளும் கிடைக்குமாயின் அவை பெரிதும் பயன்படும். என்பு தேய்வு நோய்க்காக உட்கொள்ளும் மருந்துகளுட் சில, என்பு கரைவதைத் தடுப்பதால், பல்லின் நகர்ச்சியையும் தடுக்கும். அத்தகைய மருந்துகளை உட்கொள்வோர் அதனை மறைத்தலாகாது.

சிறுவருக்கும் முதியோருக்கும் உள்ள மற்றொரு வேற்றுமை, வளர்ச்சியாகும். சிறுவரின் தாடை வளர்ந்துகொண்டிருப்பதால், அவ்வளர்ச்சியையே வைத்தியர் துணையாகக் கொள்ளலாம். முதிர்ந்தவரிடம் அத்துணை இல்லை. தாடைகளின் அமைப்பிலேயே பெரிய குறை இருப்பின் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். ஆயின் என்பு கரைந்து ஆகும் ஆற்றல் எந்த வயதிலும் அற்றுப்போவதில்லை. முரசும் என்பும் நலமாயிருந்தால், 50 வயதிலும் 60 வயதிலும் பல்லை நகர்த்த முடியும். தொடக்கத்தில் நகர்ச்சி சற்றுத் தாமதிக்கும், அவ்வளவே. இழந்த பல்லுக்கு ஈடாகத் தாடையிலே திருகாணி பதித்துச் செயற்கைப் பல் வைக்க எண்ணுவோர் ஒன்றை மறத்தலாகாது. அத்திருகாணிக்கும் என்புக்கும் இடையே நார்ப்படை இல்லை. ஆதலால் அது ஒருபோதும் நகராது. முதலிற் பற்களைச் சீராக்கி, அதன்பின் திருகாணியைப் பதிப்பதே முறை.

இளமையில் அணிந்த கம்பியை நினைத்து இரண்டாம் முறைக்கு அஞ்சுவோர் பலர். சாதனங்கள் இன்று பெரிதும் மாறிவிட்டன. முற்காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் பூட்ட வேண்டியிருந்தது. பல்லின் மேற்படையாகிய மிளிரியைப் பொசுபோரிக்கமிலத்தாற் சிறிது சொரசொரப்பாக்கினாற் பிசின் உறுதியாக ஒட்டும் என்பதை மைக்கேல் பியூனோகோர் 1955ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அதன் பயனாக, பிற்காலத்தில் வளையத்தை விடுத்துச் சிறு பிடிகளைப் பல்லின் முகப்பிலேயே ஒட்டும் வழி பிறந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் உருவான நிற்றினோல் எனும் நிக்கல்-தைற்றேனியக் கலப்புலோகத்தை 1970களின் தொடக்கத்தில் அன்ட்றேயசன் என்பவர் இத்துறைக்குக் கொண்டுவந்தார். உருக்குக் கம்பியைப் போலன்றி, எவ்வளவு வளைத்தாலும் மெல்லிய விசையோடு பழைய வடிவுக்கு மீள்வதால், வலி குறைந்து வேலையும் எளிதாயிற்று. பல்லின் நிறத்தையொத்த பிடிகளும் பல்லின் உட்புறத்தில் ஒட்டும் பிடிகளும் பின்னர் வந்தன.

பிடியும் கம்பியுமின்றி, ஒளிபுகும் பிளாத்திக்குத் தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி அணிந்து பல்லை நகர்த்தும் முறையும் இன்று பரவியுள்ளது. இதன் தோற்றத்திலும் முதிர்ந்த வயதிற் சீரமைப்புப் பெற்ற ஒருவரின் அனுபவமே உள்ளது. ஸியா சிஷ்டி என்பவர் வளர்ந்தபின் இவ்வைத்தியம் பெற்றவர். பற்களை நிறுத்தி வைக்கும் தகடே, சிறிது சிறிதாக வடிவம் மாற்றப்படின், பற்களை நகர்த்தவும் வல்லதாகும் என அவர் சிந்தித்தார். வேறு சிலரோடு சேர்ந்து 1997ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய நிறுவனம், கணினியின் துணையால் அவ்வெண்ணத்தைச் செயலாக்கியது. சிறிதளவே சாய்ந்த முன்பற்களை மீண்டும் நேராக்க இத்தகடுகள் பெரிதும் ஏற்றவை. ஆயின் நாளொன்றுக்கு 20 முதல் 22 மணிநேரம் வரை அணிதல் வேண்டும். சட்டைப்பையிற் கிடக்கும் தகடு பல்லை நகர்த்தாது. ஒட்டிய கம்பியை அணிவோருக்கும் கட்டுப்பாடு உண்டு. முறுக்கு, கரும்பு, கொட்டைப்பாக்கு முதலிய கடினமானவற்றைக் கடித்தாற் பிடிகள் கழன்றுவிடும்.

மீண்டும் கம்பி அணிவது கட்டாயமா என்ற கேள்வியும் எழும். சிறிதளவு நெருக்கம் நோயன்று. நன்றாகத் துலக்கத் தெரிந்தவருக்கு அதனாற் பெருந்தீங்கு விளைவதில்லை. வேண்டாமென்று விட்டுவிடுவதும் அறிவுடைய முடிவே. ஆயின் பல் இன்னும் சாயாதிருக்க, இருக்கும் நிலையிலேயே நிறுத்திவைக்கும் சாதனத்தைக் கேட்டுப் பெறலாம். மேற்பல் கீழ்ப்பல்லை முறையின்றி மோதித் தேய்ப்பது, கீழ்முன்பற்கள் மேலண்ணத்தைக் குத்துவது, துலக்க முடியாத மூலைகளில் முரசு வீங்குவது, இழந்த பல்லுக்கு ஈடு வைக்க இடமில்லாதிருப்பது போன்றவை உள்ளோருக்கு இரண்டாம் முறை உடல்நலத்தின் பொருட்டே அமைகின்றது. சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்ளும் ஒருவர், அந்நாணத்தை விடுவதற்காகவே அதனை நாடினாலும் அதில் இகழத்தக்கது எதுவுமில்லை. நடுவயதில் மூக்குக்கண்ணாடி அணிபவரை எவரும் நகைப்பதில்லை.

முடிவு எதுவாயினும், வைத்தியம் தொடங்கும் முன்னரே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. கம்பியைக் கழற்றிய பின் பல்லை எது நிறுத்தும் என்பதே அது. வைத்தியர்கள் ‘ரிட்டெய்னர்’ எனக் குறிப்பிடும் சாதனத்தைத் தமிழில் நிலைநிறுத்தி எனலாம். அமெரிக்கரான சாள்ஸ் ஹோலி 1919ஆம் ஆண்டில் விவரித்த, அண்ணத்திற் பொருந்தும் தகடும் முன்பற்களை அணைக்கும் கம்பியும் கொண்ட வகை இன்னும் வழக்கிலுள்ளது. ஒளிபுகும் மெல்லிய உறைபோற் பல்வரிசைமீது பொருந்துவது மற்றொரு வகை. முன்பற்களின் உட்புறத்தில் நிலையாக ஒட்டப்படும் மெல்லிய கம்பி மூன்றாவது வகை. கழற்றத்தக்கவற்றைத் தொடக்கத்தில் வைத்தியர் கூறும் காலம்வரை மிகுதியாக அணிந்து, பின்னர் இரவில் மட்டும் அணிவது வழக்கம். ஒட்டிய கம்பி அணிபவரின் முயற்சியை வேண்டாதது. எனினும் அதன் கீழ் அழுக்குக் கற்போல் உறையும். ஒரு பல்லினின்று அது கழன்றால், அணிபவர் அறியாமலே அப்பல் நகர்ந்துவிடும். ஆதலாற் குறித்த காலத்திற் காட்டிப் பரிசோதித்தல் வேண்டும். பிளாத்திக்கு உறையைக் கொதிநீரிற் கழுவினால் வடிவு கெடும். குளிர்ந்த நீரிலே தூரிகையால் துலக்கிப் பெட்டியில் வைத்தல் நன்று. உணவு வேளையிற் கழற்றிக் கடதாசியிற் சுற்றி வைத்து, எச்சிலோடு எறிந்துவிட்டுத் தேடுவோர் பலர்.

சில நாள் மறந்தபின் அணியும்போது நிலைநிறுத்தி இறுக்கமாகத் தோன்றினால், பல் சிறிது நகர்ந்துவிட்டது என்பது பொருள். சற்றே இறுக்கமாயின் மீண்டும் ஒழுங்காக அணிய அது சரியாகலாம். பொருந்தவே மறுத்தால், வலிந்து திணிக்காது உடனே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். சில கிழமைகளிற் கவனித்தால் ஒரு புதிய உறையோடு முடிவது, சில ஆண்டுகள் தாமதித்தால் மீண்டும் ஒரு கம்பியில் முடியும்.

பிள்ளைக்கு இப்போது கம்பி கட்டுவிக்கும் பெற்றோருக்கும் இதிற் பாடமுண்டு. கம்பி கழற்றும் நாளை வைத்தியம் நிறைவெய்தும் நாளாகக் கொண்டாடுவது வழக்கம். உண்மையில் அன்றைக்குப் பாதி வேலையே முடிந்திருக்கின்றது. பல்லை நகர்த்துதல் வைத்தியரின் பணி. அது ஈராண்டில் முடிகின்றது. பல்லை நிறுத்துதல் அணிபவரின் பணி. அது நேரான பல்வரிசை வேண்டும் என்று அவர் விரும்பும் காலமெல்லாம் நீள்கின்றது. இரவில் உறங்கச் செல்லுமுன் பல் துலக்குவதோடு இதனையும் ஒரு பழக்கமாகச் சேர்த்துக்கொண்டவர், இரண்டாம் முறை கம்பியை நாடவேண்டிய நிலை பெரும்பாலும் எழாது.